செடித் திருடனும் சிடி நாயும்

கேமரன் மலையில், கோலா தெர்லா பக்கம் தேயிலைக் காட்டில் நின்றுகொண்டு, "காசு கொடுக்காமல் படம் இறக்குவது திருட்டு" என்று யாராவது பிரசங்கம் செய்தால், தேயிலைக்கே சிரிப்பு வரும். அதன் குடும்ப வரலாறு அப்படி.

1848இல் கிழக்கிந்தியக் கம்பெனி ராபர்ட் பார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரரை ஆண்டுக்கு 500 பவுண்டு சம்பளத்தில் சீனாவுக்கு அனுப்பியது. தேயிலை விளையும் உள்நாட்டுக்குள் வெள்ளைக்காரன் கால் வைக்கக் கூடாது. மனுஷன் முன்மண்டையை மழித்தார், பின்னால் சடை ஒன்றை ஒட்டவைத்தார், சீன உடையை மாட்டினார். பெருஞ்சுவருக்கு அப்பாலிருந்து வந்த பெரிய மனுஷன் என்று வேலைக்காரனை விட்டுச் சொல்லவைத்தார். நம் ஆள் ஒருவன் இந்த வேஷம் கட்டியிருந்தால் மாத்தா-மாத்தா முதல் ரோட் பிளாக்கிலேயே பிடித்திருப்பான். பார்ச்சூனோ நாற்று, விதை, தொழில் தெரிந்த சீனர்கள் என்று எல்லாவற்றையும் இமயமலைக்குக் கடத்திவிட்டார். முதல் சரக்கில் பெரும்பாலான நாற்று வழியிலேயே செத்தது. டவுன்லோட் பாதியில் அறுந்தது என்று வையுங்கள். சளைக்காமல் மறுபடி ஆரம்பித்தார்.

நியாயமாகச் சொன்னால், நம் மலையில் நிற்பது பார்ச்சூன் செடியின் நேர் வாரிசு இல்லை. தேயிலை அசாம் காட்டிலும் இருந்தது. ஆனால் இலையை வாட்டி, உருட்டி, காயவைக்கும் வித்தை சீனாக்காரனுடையது. அவனுக்கு ராயல்டி என்று ஒரு சல்லி போகவில்லை.

மலையின் கதையும் தமாஷ்தான். 1885இல் சர்வே பண்ண வந்த வில்லியம் கேமரன், தான் பார்த்த இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்காமல் போனார். இருந்தாலும் மலைக்கு அவர் பெயர். அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்த ஓராங் அஸ்லியிடம் பெயர் கேட்க யாருக்கும் நேரமில்லை.

பால்மரத்தையும் விட்டுவிட முடியாது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றினார். மகாராணியின் தோட்டத்துக்குப் போகும் மென்மையான செடி மாதிரிகள் என்று துறைமுகத்தில் சொல்லிச் சமாளித்ததாக அவரே பீற்றிக்கொண்டார். தடுக்க அன்று சட்டமும் இல்லை. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அந்த மரத்தில் பால் வெட்டத்தான் நம் பாட்டன் பூட்டனில் பெரும்பாலோர் கப்பலேறினார்கள். விக்காமுக்கு 1920இல் சர் பட்டம்.

பேரன்கள் செய்த குற்றம் என்ன? பசார் மாலாமில் சில வெள்ளிக்கு ஒரு சிடி. படம் நடக்கும்போதே திரையின் அடியில் ஒருவன் எழுந்து கக்கூசுக்குப் போவான், யாரோ இருமுவார்கள். க்ளைமாக்ஸில் சிக்கிக்கொள்ளும். பனியனில் துடைத்து மறுபடி போட வேண்டும். இதற்கு யாரும் பட்டம் தரவில்லை. நாயைத்தான் அனுப்பினார்கள்.

2007 மார்ச்சில் மலேசியாவுக்கு வந்தன லக்கியும் ஃப்ளோவும், இரண்டு கறுப்பு லாப்ரடார்கள். ஜொகூர் பாருவில் முதல் வேட்டையிலேயே ஏறக்குறைய பத்து லட்சம் டிஸ்க் சிக்கியது. கொள்ளையர்கள் அவற்றின் தலைக்கு விலை வைத்தார்கள் என்று செய்தி வந்தது. ஒரே ஒரு சிக்கல்: நாய் மோப்பம் பிடிப்பது பிளாஸ்டிக்கைத்தான். ஒரிஜினல் ரஜினியும் டூப்ளிகேட் ரஜினியும் அதன் மூக்குக்கு ஒன்றுதான். நம் ஆட்களுக்கும் அப்படித்தானே! ஆனாலும் அரசாங்கம் பதக்கம் கொடுத்தே வழியனுப்பியது.

நாய்க்குச் செலவழித்தது ஹாலிவுட் சங்கம். அந்த ஹாலிவுட்டின் முன்னோர்களில் சிலர் எடிசனின் காப்புரிமை வக்கீல்களுக்குப் பயந்து மேற்கே ஓடியவர்கள். எடிசன் கம்பெனியோ பிரெஞ்சுக்காரர் மெலியேயின் 1902 நிலாப் படத்தைக் கேட்காமல் பிரதி போட்டு விற்றது.

அதற்காக, துரை திருடினான், நானும் திருடுவேன் என்று கிளம்பாதீர்கள். 2022இல் வந்த சட்டத் திருத்தம் திருட்டு ஸ்ட்ரீமிங் பெட்டி விற்பவனுக்கு 20 ஆண்டு வரை சிறை என்கிறது. சிறை கிடக்கட்டும். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் சனங்களின் படம். மறு ஆண்டு சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. ரஜினி படம் திருட்டு சிடியைத் தாங்கும். இந்த மாதிரிப் படம் தாங்காது. அடுத்தது வரும்போது டெலிகிராமில் துழாவாமல், ஈப்போவுக்கு இறங்கிப்போய் டிக்கெட் எடுங்கள்.