தட்டுங்கள், எரியும்

"போர்டு போச்சு சார்."

திறந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்காது. ஒரு கையில் சாமானை வாங்கிக்கொண்டு, மறு கையால் யாருடைய செல்போனுக்கோ டெம்பர் கிளாஸ் ஒட்டியபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார் அந்தக் கடைத் தம்பி. எந்தப் பக்கம் திறக்கும் என்று நான் கேட்டிருந்தால் முழித்திருப்பார். "இதுக்கெல்லாம் ஸ்பேர் வராது. இந்த கேமெல்லாம் போன்லயே ஃப்ரீயா இருக்கு, ஏத்தித் தரட்டுமா?" என்று கருணை வேறு. போன வாரம் நடந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாமான், நின்டெண்டோவின் கேம் பாய் கலர். 1998-இல் வெளிவந்த சரக்கு. எங்கள் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கோடாலித் தைலத்தோடு கொண்டுவந்தார். யாருக்காகக் கொண்டுவந்தார் என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் இன்றுவரை வழக்கு உண்டு. தெருவில் மற்றப் பையன்களிடம் இருந்ததெல்லாம் பிரிக் கேம். "9999 இன் 1" என்று அட்டையில் போட்டிருப்பான். உள்ளே ஒரே கட்டை அடுக்கும் விளையாட்டை வேகம் கூட்டிக் குறைத்து அத்தனை முறை எண்ணியிருப்பான். அவர்களுக்கு நடுவே கலரில் ஆடியவன் நான். சரி, நாங்கள்.

இந்த விடுமுறைக்கு வந்த தம்பி மகன் அதைப் பரணிலிருந்து இறக்கிவிட்டான். "பெரியப்பா, சார்ஜர் எங்க சொருகணும்?" பென்சில் பேட்டரிக் கட்டை இரண்டு போட்டு சுவிட்சைத் தள்ளினேன். திரைக்கு இடப்பக்கம் இருக்கும் சிவப்பு விளக்கு ஒரு தடவை விழித்துப் பார்த்துவிட்டு அணைந்தது. அடுத்து நான் என்ன செய்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? உங்கள் கையும் இந்நேரம் தானாக அசைந்திருக்கும்.

தட்டினேன்.

இதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு வருகிறேன். அதற்கு முன் தட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். சோலிடேர், டயனோரா காலத்தில் நம் வீடுகளில் குடியேறிய வித்தை அது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் போடும் நேரம் பார்த்து டிவியில் படம் உருளும். அப்பா எழுந்து வருவார். உச்சந்தலையில் ஒன்று போட்டால் உருள்வது நிற்கும். விலாவில் போட்டால் போன சத்தம் திரும்பும். இரண்டுக்கும் மசியவில்லை என்றால், மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு நிற்கிற எனக்கு விழும். ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகு படம் தெளிவாகத் தெரியும்.

அம்மா டிவியைத் தொட்டதில்லை. ரிமோட் வந்த பிறகுதான் அம்மாவின் கைவண்ணம் வெளிப்பட்டது. பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டுவார்களே, அப்படி ரிமோட்டைக் குப்புறப் பிடித்து நாலு மெல்லிய தட்டு. சீரியல் வந்துவிடும். தாத்தாவுக்கு டார்ச். அதைத் தொடையில் தட்டுவார். கொல்லையில் சரசரப்புக் கேட்டு, டார்ச்சோடு இறங்கி, அது தட்டுப்பட்டு எரிவதற்குள் பாம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கும். தாத்தாவுக்குக் கடைசிவரை பாம்புக்கடி கிடையாது. கேஸ் லைட்டரைத் தட்டுகிறோம். மிக்சியின் மண்டையில் தட்டுகிறோம். பானையைத் தட்டி வாங்குகிறோம், தர்பூசணியைத் தட்டி வாங்குகிறோம், ஒன்றும் புரியாமலே. கண்டக்டர் தட்டினால் பஸ்ஸே கிளம்புகிறது. எம்.பி.பி.எஸ். படித்தவரும் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டித்தான் பார்க்கிறார். அவருக்குப் பீஸ் கொடுக்கிறோம், அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. பணம் வராத ஏடிஎம்மை ஒரு பெரியவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். திருச்சியில் யாரும் தட்டிப் பார்க்காத ஒரே கருவி ஆட்டோ மீட்டர். அதற்கு வேலை இருந்தால்தானே தட்டுவதற்கு.

தட்டிச் சரிவரவில்லை என்றால் அடுத்த படி, கட்டையை இடம் மாற்றிப் போடுவது. இரண்டும் ஒரே அட்டையிலிருந்து ஒரே நேரத்தில் பிரித்தவை. இடம் மாறினால் அவற்றுக்கு என்ன ஞானோதயம் வரப்போகிறது? ஆனாலும் மாற்றுவோம். அப்புறம் கட்டைவிரலால் உருட்டுவது. அப்புறம் வெயிலில் வைப்பது. அப்புறம் சாக்லேட்டின் ஜிகினாத் தாளை மடித்து ஸ்பிரிங்கில் சொருகுவது. கடைசியாக, ஹால் கடிகாரத்திலிருந்து கட்டையைக் கடன் வாங்குவது. எங்கள் வீட்டில் இப்போது எந்நேரமும் நாலேகால்.

சிரிக்க வேண்டாம், இவற்றில் பாதி நிஜமாகவே வேலை செய்யும். உலோகத்தின் மேல் படிகிற ஆக்சைடு, உருட்டினால் கொஞ்சம் சுரண்டப்படும். தட்டினால் கட்டை நகர்ந்து வேறோர் இடத்தில் ஒட்டும். வெயிலும் பொய்யில்லை. பழைய சிவப்புக் கட்டை, 1866-இல் லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த மின்கலத்தின் வாரிசு. துத்தநாகக் குவளை, நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் மாங்கனீசு டை ஆக்சைடு, நவச்சாரம். சூடேறினால் ரசாயன வேலை சுறுசுறுப்பாகும், உள்தடை குறையும், கடைசிச் சொட்டும் வெளியே வரும். அந்தக் கரிக்குச்சியை உடைத்தெடுத்துத்தானே நாமெல்லாம் சுவரில் ஸ்டம்ப் வரைந்தோம்.

என் துன்பம், நான் குடியிருப்பது துவாக்குடி. ஒரு பொருளுக்குக் கரண்ட் வரவில்லை என்று வாசலில் நின்று சொல்லக் கூடாத ஊர். இங்கே, 1964-இல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கிய என்.ஐ.டி. அந்தப் பக்கம் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை. இரண்டுக்கும் இடையே சிட்கோ பட்டறைகள். நாடெங்கும் அனல்மின் நிலையங்களில் நிற்கிற கொதிகலன்கள் பலவற்றில் இந்த வட்டாரத்துக் கை பட்டிருக்கிறது. எனக்கு வேண்டியது 3 வோல்ட்.

எதிர்வீட்டு பெல் சார் ஓய்வு பெற்று வெகுகாலம். "லோடு எவ்வளவு?" என்று ஆரம்பித்தார். மெகாவாட்டுக்குக் கீழே அவர் யோசித்ததில்லை. மாடியில் வாடகைக்கு இருக்கும் என்.ஐ.டி. பையன், "உள்ள 3 வோல்ட்டை 5 வோல்ட்டா ஏத்துற கன்வெர்ட்டர் இருக்கும் அங்கிள், அதுலதான் ரிப்பிள்" என்றான். உள்ளே அப்படி ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு முதலில் அந்த மூன்று போய்ச் சேர வேண்டாமா? பெல் சார், சார்ஜ் ஏற்றும் கட்டை போட்டுப் பார்க்கச் சொன்னார். அது கட்டைக்கு 1.2 வோல்ட்தான், இரண்டும் சேர்ந்தாலே 2.4. அதிலும் ஓடும், ஆனால் அழுக்கேறிய சுவிட்ச் வழியில் கொஞ்சம் தின்றுவிட்டால் இன்னும் சீக்கிரம் மயங்கும். இதை நான் சொன்னதும் அவர், "அப்ப டிரான்ஸ்மிஷன் லாஸ்" என்று மகிழ்ந்துபோனார். 2012-இல் இதே ஊரில், இத்தனை நிபுணர்களும் விசிறிமட்டையோடு திண்ணையில் உட்கார்ந்து, கரண்ட் எப்போது வரும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். அதை நான் நினைவூட்டவில்லை.

யாருமே ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. பச்சை பூத்திருந்தது. கட்டையைக் கழற்றாமல் பரணில் போட்டவன் என் தம்பி. (அவனைக் கேட்டால் வேறு பெயர் சொல்வான்.) அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேய்டா, பளிச்சுன்னு ஆயிரும்" என்றார். குத்துவிளக்குக்குச் சரி. சிவப்புக் கட்டையிலிருந்து ஒழுகுவதே அமிலப் பக்கம் சாய்ந்தது. அதன் மேல் புளியா? அதற்கு ஆப்ப சோடாக் கரைசல். அல்கலைன் கட்டை ஒழுகினால் அது காரம், அப்போதுதான் வினிகரோ எலுமிச்சையோ. ஒன்றை இன்னொன்றுக்குத் தடவிவிட்டுச் சாமானைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். கடைசியில் எதுவானாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். சுவிட்சுக்குள்ளும் அதே சொட்டை விட்டுப் பலமுறை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். விளக்கு மினுக்கி அணைவதற்குப் பெரும்பாலும் இந்த அழுக்குத்தான் காரணம்.

ஆனால் திறந்தால்தானே. நின்டெண்டோக்காரன் போட்டிருப்பது மூன்று சிறகு வைத்த திருகு. மெயின்கார்டு கேட் முதல் சிங்காரத்தோப்பு வரை கேட்டுவிட்டேன், எல்லோரும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரையே நீட்டினார்கள். கடைசியில் சிட்கோ பட்டறை அண்ணன் ஒருவர், பழைய ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கிரைண்டரில் காட்டி மூன்று சிறகாக இழைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஆர்டர் இல்லாமல் மெஷின்கள் சும்மா நிற்கின்றன என்று மட்டும் சொன்னார். உள்ளே போர்டு பத்திரமாக இருக்கிறது. எங்கும் போகவில்லை.

கேம் பாய் குடும்பத்தின் முதல் கருவி 1989-இல் வந்தபோது, அதைச் செய்த குன்பெய் யோகோய் வேண்டுமென்றே கலர் வேண்டாம் என்றார். நாலு கட்டையில் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. மறு வருஷம் போட்டிக்கு வந்த சேகா கேம் கியர் கலரும் வெளிச்சமுமாக ஜொலித்தது. ஆறு கட்டையை மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் தின்றது. யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய கேம் பாய் ஒன்றை நியூயார்க் கடையில் பல வருஷம் ஓடவிட்டுக் காட்டினார்கள். குண்டுக்குத் தப்பியது அது. என் தம்பியிடம் அது மாட்டவில்லை.

தம்பி மகன் ஊருக்குப் போய்விட்டான். திருகுகள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இருக்கின்றன. ஆல்கஹால் வாங்கி வரவேண்டும். அதற்குள் பெல் சார் மல்டிமீட்டரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பரணில் கிடக்கும் டார்ச், ரேடியோ, பேசும் பொம்மை, பழைய ரிமோட் என்று எதில் கட்டை இருந்தாலும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். பூத்திருந்தால் எந்தக் கட்டை என்று பார்த்துவிட்டு சோடாவோ வினிகரோ போடுங்கள். புளி வேண்டாம். அம்மா சொன்னாலும் வேண்டாம்.