மூன்று வாரத் தகப்பனார்

கோயம்புத்தூரில், ரேஸ்கோர்ஸிலோ ஆர்.எஸ்.புரத்திலோ பீளமேட்டிலோ சொந்த வீடும், கணபதிப் பக்கம் பம்பு செட்டு செய்யும் கம்பெனி ஒன்றும், ரோட்டரி சங்கத்தில் ஏதேனும் ஒரு பதவியும், பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையும் உடைய கனவான் ஒருவர் இருப்பாராயின், அவர் தமது ஆயுளில் ஒரு தடவையேனும் மூன்று வார காலத்துக்கு அன்னிய தேசத்து மாணவி ஒருத்திக்குத் தகப்பனாராக இருந்தே தீருவார். பெற்ற பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்க்கிற இந்த மனிதர், அந்த மூன்று வாரமும் பொழிகிற பிதுர் வாத்ஸல்யத்தைக் கண்டு சொந்தப் பிள்ளையே, அடுத்த பிறவியில் தானும் ஐரோப்பாவில் பிறக்க வேண்டுமென்று பிரார்த்தித்துக் கொள்வதுண்டு.

இந்த ஏற்பாட்டின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லிவிட வேண்டும். அன்னிய தேசத்தை ஹோட்டல் ஜன்னல் வழியே பார்ப்பதினும் ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பார்ப்பதே மேல் என்ற அபிப்பிராயம் கொண்ட டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர், 1932-ஆம் வருஷம் அதற்கென்றே ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். முதல் உலக மகாயுத்தத்தின்போது பிரான்ஸில் காயம்பட்ட சிப்பாய்களை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் சங்கமோ, இரண்டாவது யுத்தமும் நடந்து முடிந்த பிற்பாடு, சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் அவசியமே நேராதிருக்க வேண்டுமானால் பள்ளிப் பிள்ளைகளைத் தேசம் விட்டுத் தேசம் அனுப்புவதே உசிதம் என்று கண்டு அந்தக் காரியத்தில் இறங்கிற்று. ரோட்டரியின் குறுகிய காலப் பரிவர்த்தனையும் அதே உத்தேசமுடையதுதான்: அங்குள்ள பிள்ளை இங்கே வரும், இங்குள்ள பிள்ளை அங்கே போகும். வீட்டாரோடு வீட்டாராக இருந்து, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் வாழ்வதுபோல் வாழ வேண்டும் என்பது இவை யாவற்றுக்கும் மூலாதாரமான விதி. நமது தகப்பனார் முதலில் கையொப்பமிடுவதும் முதலில் மீறுவதும் இந்த விதியைத்தான்.

அதிதி வருவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே வீடு தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. மாடி அறைக்கு ஏ.சி. வருகிறது. சாம்பாரிலிருந்து மிளகாய் விலகுகிறது. புவிசார் குறியீடு பெற்றுக் கோவைக்குக் கீர்த்தி சேர்த்த அந்தக் கிரைண்டர், அதிகாலையில் ஓடினால் பாரிஸிலிருந்து வரப்போகும் பெண்ணின் நித்திரைக்குப் பங்கம் நேருமென்று, கார் ஷெட்டுக்குப் பின்னால் குடியேற்றப்படுகிறது. கையால் பிசைந்து உண்பதற்குச் சொந்த ஊரிலேயே பழகிக்கொண்டு, இட்லியைக் கனவில் கண்டபடி விமானத்தில் வந்து இறங்கிய அந்தப் பெண்ணின் முன்னால், முதல் நாள் காலையில் கார்ன் ஃபிளேக்ஸும் ஜாமும் முள்கரண்டியும் வைக்கப்படுகின்றன. அவளுக்குச் சங்கடம் நேரக்கூடாதென்று குடும்பம் முழுவதும் அதையே உண்ணுகிறது. நான்காம் நாள் கடைக்குட்டி தாயாரின் காதருகே சென்று, “அந்தக்கா எப்பங்கம்மா ஊருக்குப் போகும்? எனக்கு இட்டிலி வேணும்” என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

ஊர் காட்டும் படலம் அதற்கப்பால். பேரூர்க் கோவிலும் மருதமலையும் அரை நாளில் முடிந்துவிடும். கணபதி ஃபவுண்டரிக்கு மட்டும் ஒரு முழு நாள். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை இந்த ஊரிலேயே உருவாக்கியதைச் சொல்லத் தொடங்கினால், தகப்பனாரின் குரலில் ஒரு தழதழப்பு உண்டாகிறது. அது கோவிலில்கூட உண்டாவதில்லை. சோதனைத் தொட்டியருகே நின்று, பம்பிலிருந்து சீறி விழும் தண்ணீரையும் அழுத்தமானியின் நடுங்கும் முள்ளையும் காட்டி, இது இத்தனை ஹெச்.பி., இத்தனை அடி ஆழத்திலிருந்து இறைக்கும் என்று அவர் விவரிக்கையில், அந்தப் பெண் தெப்பமாக நனைந்துகொண்டே தலையாட்டுகிறாள். வீடு திரும்பும் வழியில் சிறுவாணி மகாத்மியம் நடக்கும். அந்தத் தண்ணீரின் ருசிக்கு உலகத்தில் ஈடில்லை, அதைக் குடித்து வளர்ந்தவன் வேற்றூரில் வாய் நனைக்க மாட்டான் என்றெல்லாம் கால் மணி நேரம் வர்ணித்துவிட்டு, அவளுக்குத் தாகமெடுத்ததும் முத்திரை உடைக்காத பாட்டில் தண்ணீர் ஒன்றை எடுத்து நீட்டுவார்.

ஆயினும் அந்த வீட்டில் விதிக்குக் கட்டுப்பட்டவர் ஒருவர் இருந்தார். விதி இன்னதென்று அறியாத அப்பத்தாதான் அவர். ஏ.சி.க்காகவும் பாரிஸுக்காகவும் எண்பது வருஷத்துப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள அவருக்குச் சம்மதமில்லை. ஒருநாள் விடிகாலையில் பின்கட்டில் சந்தகை பிழிய உட்கார்ந்தார். வெந்து ஆவி பறக்கும் மாவுக் கட்டியைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு அழுத்தியாக வேண்டும். ஆறிவிட்டால் பீமசேனன் வந்தாலும் இறங்காது. கைப்பிடியை அழுத்த ஆளில்லாமல் அவர் சுற்றுமுற்றும் பார்த்தபோது, தூக்கம் கலைந்து அந்தப் பக்கம் வந்தவள் அந்தப் பெண். “வா சாமி, இதப் புடி” என்றார் அப்பத்தா. பாஷை எதற்கு? அவள் முழு பாரத்தையும் கைப்பிடியின்மீது போட்டுத் தொங்க, வெள்ளை வெளேரென்று இழை இழையாகத் தட்டில் சந்தகை இறங்கியது. “ஏஞ்சாமி, கை நோவுதா?” என்று கேட்டபடி அப்பத்தா அதன்மேல் தேங்காய்ப்பாலை ஊற்றினார். அன்று முதல் கார்ன் ஃபிளேக்ஸ் டப்பாவை எறும்புகள் அனுபவித்தன. ஊருக்குப் புறப்படும்போது அவளுடைய பெட்டியில், தகப்பனார் பரிசளித்த குத்துவிளக்குக்கும் பட்டுப்புடவைக்கும் நடுவே, கொள்ளுப் பருப்பு வேகவைக்கும் பக்குவம் எழுதிய சீட்டு ஒன்றும் போயிற்று.

அடுத்த வருஷம் மகனின் முறை வந்தது. அவனுக்கு வாய்த்தது மொராக்கோவின் ஃபெஸ் நகரம். அங்கும் ஒரு மூன்று வாரத் தகப்பனார் இருந்தார் என்பதை நான் சொல்ல வேண்டுமா? கெண்டியை அந்தரத்தில் தூக்கிப் புதினாத் தேநீரை நுரை பொங்க அவர் வார்க்கும் அழகைப் பார்த்தபடி அவன் மூன்று கோப்பை குடித்தாலொழிய எழுந்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமைக் குஸ்குஸில், எல்லாரும் ஒரே தாலத்தில் அவரவர் பக்கத்திலிருந்து எடுத்து உண்ண, நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பார்த்து அவன் பக்கமே தள்ளுவார். 859-இல் ஸ்தாபிக்கப்பட்ட கராவிய்யீன் மசூதியின் வாசலைக் காட்டிவிட்டு, மிச்சப் பொழுதையெல்லாம் பழைய நகரத்தின் தோல் பதனிடும் துறையில் கழித்தார். வீடுதோறும் பெருமை வேறுவேறுதானே! துர்நாற்றத்துக்கு மாற்றாகப் புதினாக் கொத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, சாயம் நிரம்பிய கல்தொட்டிகள் வரிசை வரிசையாகத் தெரிய அவன் நிற்கும் போட்டோ கோவைக்கு வந்து சேர்ந்தது.

தாயார் பிள்ளை இளைத்துவிட்டதாகக் கண்ணீர் விட்டார். அப்பத்தா, “மூக்குல என்ன சாமி தழை?” என்று விசாரித்தார். தகப்பனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, அன்றிரவே டெலிபோனில் மகனைப் பிடித்தார்.

“ஏங்கண்ணு, அத்தன தொட்டிக்கும் தண்ணி எறைக்க எத்தன ஹெச்.பி. மோட்டாரு போட்டிருக்காங்கன்னு அந்த ஐயாகிட்டக் கேட்டியா?”

கேட்கவில்லை என்றான் மகன். மறுநாள் கம்பெனியின் விலைப்பட்டியல் ஒன்று, பிரெஞ்சில் பெயர்த்து அனுப்புமாறு அன்பும் ஆசியும் கூறும் கடிதத்துடன், பாரிஸிலிருக்கும் மகளுக்குப் புறப்பட்டது.