மீனுக்கும் சீசன் உண்டு

கேள்வி: கொல்லைத் தொட்டியில் மீன் வளர்க்கிறேன். சித்திரை வெயிலில் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. குற்றாலத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றலாமா? – தென்காசி வாசகர்

பதில்: சித்திரையில் அருவியில் தண்ணீர் கிடைத்தால் முதலில் எனக்கு ஒரு குடம் அனுப்புங்கள். கிடைத்தாலும் ஒரேயடியாகக் கொட்டிவிடாதீர்கள். அருவியில் தலை கொடுத்ததும் நாம் 'ஊ' என்று அலறுகிறோம். மீன் அலறாது, செத்து மிதக்கும்.

சங்கதி சூடு மட்டுமல்ல, மூச்சு. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறிய மாதக் கடைசிக் குடும்பம்தான்.

கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டைக்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகம். தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். உச்சிவெயிலில் தீவனம் வேண்டாம். காற்று மோட்டாரை விடியுமுன் கட்டாயம் ஓட்டுங்கள். ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போவது அப்போதுதான்.

ஆனி, ஆடிச் சாரலில் கதை தலைகீழ். நமக்கு எத்தனை பார்டர் புரோட்டா போனாலும் பசிக்கும். தண்ணீர் குளிர்ந்தால் மீனுக்குப் பசி மந்தம். தீவனத்தைக் குறையுங்கள்.

வாயைப் பிளப்பது விராலா? அப்படியானால் பதற்றம் வேண்டாம். அது மேலே வந்து காற்றை விழுங்கும் ஜாதி.