ஒரே ஒரு தங்கம்

கேள்வி: கோலூன்றித் தாண்டுதலில் ஆறு முறை உலக சாம்பியன் செர்கெய் புப்கா. ஒலிம்பிக் தங்கம் மட்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றுதான்! 1984 ஒலிம்பிக்கை சோவியத் அரசு புறக்கணித்தது. அரசு வைத்த குறுக்குக் கம்பியை எந்தக் கோலை ஊன்றித் தாண்டுவது? 1988 சியோலில் தங்கம். 1992-இல் ஒரு உயரமும் தாண்டவில்லை. 1996-இல் காயம்.

ஆனால் உலக சாதனைகள் 35! சிறுவாடு சேர்ப்பதுபோல் பெரும்பாலும் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் பரிசுப்பணம் உண்டே! அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கோலை மற்றவர்களைவிட மேலே பிடித்து, முழு வேகத்தில் ஓடிவந்த நெஞ்சுரம் அது. 1985-இல் முதன்முதலாக 6 மீட்டர் தாண்டியவர் அவரே. 1993-இல் டொனெட்ஸ்க் உள்ளரங்கில் 6.15. அதை முறியடிக்க பிரான்ஸின் லாவிலெனி 2014-இல்தான் வந்தார். அதுவும் அதே ஊரில், புப்காவின் கண்ணெதிரே!