மூக்கின் மேல் கட்டைவிரல்

தெற்கு லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் பார்க் என்று ஒன்று உண்டு. பேலஸைத் தேடாதீர்கள், அது 1936-லேயே எரிந்து சாம்பலாகிவிட்டது. வாண்டுகளைக் கூட்டிக்கொண்டு போனால் அதைப் பற்றி ஒரு கேள்வி வராது. நேரே ஏரிக்கரைக்கு ஓட்டம்தான். ஏனென்றால் அங்கே 1854-லிருந்து டைனோசர்கள் நிற்கின்றன! உலகத்திலேயே முதன்முதலாக முழு சைஸில் செய்யப்பட்டவை.

பார்த்த உடனே ஆறு வயசு கத்தும்: “அப்பா, இது தப்பு!”

தப்புதான். இகுவானடானின் மூக்கு மேல் காண்டாமிருகம் கணக்காக ஒரு கொம்பு. அது கொம்பே இல்லை, கட்டைவிரல்!

சிரிக்காதீர்கள். சசெக்ஸில் கிடியன் மான்டெல் என்று ஒரு டாக்டர். நோயாளி பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் எலும்பு பொறுக்கினார். சில பற்களை மட்டும் வைத்தே 1825-ல் இகுவானடானுக்குப் பெயர் சூட்டிவிட்டார். கூராக ஒரு எலும்பும் சிக்கியது. எங்கே வைப்பது? மூக்கில் வைத்தார். வீடு முழுக்க எலும்பாகி, ஒருநாள் மனைவி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எலும்புகள் எங்கும் போகவில்லை.

இப்போது வில்லன் என்ட்ரி. ரிச்சர்ட் ஓவன். மகா மேதை, மூளைக்குச் சமமாக ஈகோவும் உண்டு. 1842-ல் ‘டைனோசர்’ என்ற பெயரையே உலகத்துக்குத் தந்தவர். இகுவானடானுக்கு முன்னங்கால் மெலிசு என்று மான்டெல் கடைசிக் காலத்தில் சரியாகவே கண்டுபிடித்தார். ஓவன் கேட்பாரா? யானைக்கால்தான் என்றார். இந்தப் பார்க் வேலைக்கு முதலில் கூப்பிட்டது மான்டெலைத்தான். உடம்பு முடியாமல் மறுத்தார், 1852-ல் காலமானார். வண்டி விபத்துக்குப் பிறகு கோணிப்போயிருந்த அவருடைய முதுகெலும்பு மருத்துவக் கல்லூரி மியூசியத்துக்குப் போனது. மியூசியத்துக்குப் பொறுப்பாளர் யார்? சாட்சாத் ஓவன்!

பார்க் வேலையும் அவர் கைக்கே வந்தது. சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸுக்கு விளம்பரக் கலை தெரியும். 1853 டிசம்பர் 31 இரவு, இகுவானடானின் அச்சுக்குள்ளேயே டின்னர். விருந்தினர் 21 பேர். வயிற்றுக்குள் எல்லோருக்கும் இடம் இல்லை, சிலருக்குப் பக்கத்தில் தனி மேஜை. ஓவனுக்கு எங்கே இடம்? தலையில்! அந்தக் காலத்து ஆடியோ லாஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நடுநிசி தாண்டியும் பாட்டும் கூத்துமாகப் போனது. விலங்கின் உள்ளே மேதைகள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அதன் மூக்கைத்தான் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஓவனை ரொம்பவும் திட்டக்கூடாது. அந்தக் கொம்பு சந்தேகம்தான் என்று அவரே கைடு புத்தகத்தில் எழுதிவைத்தார். ஆனால் சந்தேகத்தைப் புத்தகத்தில் எழுதலாம், சிமெண்ட்டில் எப்படிப் பூசுவது? 1878-ல் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இகுவானடான்கள் முழு எலும்புக்கூடாகவே கிடைத்தன. ‘கொம்பு’ கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது ஓவன் உயிரோடுதான் இருந்தார். யானைக்கால் சிலைகளும் ஏரிக்கரையில் ஜம்மென்று நின்றன.

கிளம்பும்போது குட்டிகள் தண்ணீரில் கிடக்கும் மோசசாரஸைக் காட்டி, “வால் எங்கே?” என்று நிச்சயம் கேட்கும். உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். வால் கிடையவே கிடையாது. அந்தக் காலத்தில் உருப்படியாகத் தெரிந்தது மண்டையோடுதான். ஆகவே ஹாக்கின்ஸ் முன்பாதியை மட்டும் கட்டி, மிச்சம் ஏரிக்குள் இருப்பதாக நம்பவைத்துவிட்டார். நம் ஊர் கான்ட்ராக்டர்கள் காதில் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள்.