நவீனப் பெரானாக்கன் வீட்டுக்காரர்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதிய நாலறை வீட்டுக்குச் சாவி வாங்கும் இளம் தம்பதியரில் ஒரு பிரிவினர், அதை நவீனப் பெரானாக்கன் பாணியில் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லிக்கொள்வர். வீட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதுர மீட்டர், குத்தகை 99 ஆண்டு. பாட்டி வீட்டு ஏக்கம் மட்டும் அளவில் அடங்காதது. அந்தப் பாட்டி பெரானாக்கனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பெரும்பாலும் இருப்பதில்லை. ஹொக்கியன் பேசி, சந்தையில் மீன் விற்று, கிடைத்த முதல் அடுக்குமாடி வீட்டின் சிமெண்டுத் தரையே போதும் என்று காலந்தள்ளியவராக இருப்பார். ஏக்கத்துக்கு வம்சாவளிச் சான்று கேட்கும் வழக்கம் கழகத்தில் இல்லை.

மூலப் பெரானாக்கன் வீட்டுக்கு அடக்கம் என்பதே தெரியாது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களில் தலைமுறைகளாக வாழ்ந்து மலாய்ப் பேச்சையும் சமையலையும் தமதாக்கிக்கொண்ட சீன வணிகக் குடும்பங்கள் காசை ஒளித்து வைக்கவில்லை. ஜூ சியாட் வட்டாரத்துக் கூன் செங் சாலைக் கடைவீடுகளைப் பார்த்தாலே தெரியும்: முகப்பில் பூ ஓடு, அதற்கு மேல் சுதைச் சிற்பம், சுவருக்கு ஒரு வண்ணம், சன்னலுக்கு வேறொன்று. உள்ளே சிப்பி இழைத்த கருமர நாற்காலிகள். சீனாவின் ஜிங்தேஜெனில் சொல்லிச் செய்வித்த பீங்கான்களில் இளஞ்சிவப்புப் பின்னணியில் பீனிக்ஸ் பறவை. சும்மா கிடந்த இடம் எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

நவீனப் பாணி இவற்றையெல்லாம் கழிப்பதில் தொடங்குகிறது. தூசி துடைக்க யாருக்கும் நேரம் இல்லை. கழித்தபின் மிஞ்சுவது வெள்ளைச் சுவர், வெளிர்பச்சை அலமாரி, அதன் கதவில் பிரம்புப் பின்னல், பித்தளைக் குமிழ், ஓடு. கழிபடுவதில் வரலாறும் உண்டு: ‘செட்டி மலாக்கா’ எனப்படும் தமிழ் வணிகர் வழியினரும் பெரானாக்கன்களே என்பது உள்வடிவமைப்பாளரின் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

ஆயத்தப் பணிகளில் முதலாவது கல்விச் சுற்றுலா. ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டின் பெரானாக்கன் அரும்பொருளகமும், நீல் சாலை 157ஆம் எண் பாபா இல்லமும் கட்டாயம். காட்சிப் பொருளைப் பற்றிய குறிப்பை வீட்டுக்காரர் படிப்பதில்லை, தரையைப் படமெடுப்பார். 2008இல் வந்த ‘தி லிட்டில் நியோன்யா’ தொலைக்காட்சித் தொடரையும் மறுபடி பார்ப்பார்; நியோன்யா என்றால் பெரானாக்கன் பெண். நாயகியர் சமையலறையில் பட்ட பாட்டை ஊரே அழுதுகொண்டு பார்த்தது; இவர் அழுகைக் காட்சியை நிறுத்திவைத்து, பின்னாலிருக்கும் சுவரின் நிறத்தை ஒப்பந்தக்காரருக்கு அனுப்புவார்.

ஓடு தனிப்பெரும் விவகாரம். பழைய வீடுகளின் மஜோலிக்கா எனப்படும் பூ ஓடுகள் இங்கிலாந்து, பெல்ஜியம், பின்னர் ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவை. ஜப்பானிய ஓடுகள் செட்டிநாட்டு வீடுகளிலும் ஏறின. இன்றைய வீட்டுக்காரருக்கு வீடு முழுக்கப் பூ ஓடு பதிக்க ஆசை. விலைப்பட்டியல் கைக்கு வந்த அன்று, வாசலருகே ஒரு கம்பள அளவுக்குப் பதித்தால்தான் எடுப்பாக இருக்கும் என்பது அவரது கலைக்கொள்கை ஆகிவிடும். மிச்சத் தரைக்கு மரம்போன்ற வினைல். குளியலறையில் கழகம் பதித்துக் கொடுத்த ஓடுகளைப் புதுக் கட்டடத்தில் முதல் மூன்றாண்டு பெயர்க்கக் கூடாது. ஆகவே அங்கே பழைய ஓட்டின் மேலேயே புதுப் பூ மலரும்.

சமையலறைக்கு அசல் சிமெண்டு ஓடே வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக நிற்பர். அது நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். மஞ்சள் பட்டால் கறை போவது கடினம். எனவே நியோன்யா ஓடு பதித்த சமையலறையில் நியோன்யா சமையலுக்குத் தடை விழும். புவா கெலுவாக் கொட்டையை நாட்கணக்கில் ஊறவைத்துச் செய்யும் கோழிக் குழம்பு காத்தோங் வட்டாரத்துக் கடையிலிருந்து டப்பாவில் வரும். அடுப்பில் வெந்நீர் கொதிக்கலாம்.

அடுத்தது பிந்து பாகார் என்னும் அரைக்கதவு. பெரிய கதவைத் திறந்து வைத்து, தெருவின் கண் படாமல் காற்றை மட்டும் உள்ளே விடுவதற்காகக் கடைவீட்டு வாசலில் வைத்தது அது. புதிய வீட்டில் அது சமையலறை வாசலுக்கு வரும். மேலும் கீழும் திறந்திருப்பதால், வரவேற்பறைக் குளிர்சாதனக் காற்று அதன் வழியே சமையலறைக்குப் போய்விடும். மாதக் கடைசியில் மின்கட்டணம் வந்ததும் கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கும்.

இத்தனைக்கும் நடுவே அசையாமல் நிற்பது பாம் ஷெல்டர் எனப்படும் குண்டுவீச்சுப் புகலறை. அதன் சுவரை இடிக்கவோ, இரும்புக் கதவைக் கழற்றவோ சட்டம் இடம் தராது. கிடங்காகப் பயன்படும் அந்த அறைக்கு முன் ஒரு பாத்திக் துணியைத் தொங்கவிட்டு, பாரம்பரியம் என்பார் வீட்டுக்காரர்.

புதுமனை விருந்துக்கு ஜூ சியாட்டில் பிறந்து வளர்ந்த உண்மையான நியோன்யா அத்தை ஒருவரை எப்படியாவது வரவழைப்பது மரபு. அவர் சுற்றிப் பார்த்து, “நல்லா இருக்குப்பா, சாப்பாட்டுக் கடை மாதிரியே இருக்கு” என்பார். வீட்டுக்காரர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார். அத்தை தம் வீட்டுக் கருமர நாற்காலிகளை, முதுகு வலி தாங்காமல் எப்போதோ பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிட்டவர்.

குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்தாண்டு முடிந்தால் பல பேட்டைகளில் வீட்டை விற்கலாம். வாங்க வருபவர் சன்னல் பார்க்கும் திசையையும் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் தூரத்தையும் விசாரித்துவிட்டு, பூ ஓட்டைக் காலால் தட்டிப் பார்த்து, இதைப் பெயர்த்தெடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்பார். அவருக்கு ஜப்பானிய எளிமைப் பாணி வேண்டுமாம்.