பாடு தவறாத லைன்

எங்கள் வீட்டு இன்டர்நெட்டைக் குறை சொல்கிறவர்கள் பழவேற்காட்டு வழக்கம் தெரியாதவர்கள். இந்த ஏரியில் இறால் பிடிக்கக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்று ஊருக்கும் பாடு உண்டு. இன்று உன் முறை, நாளை என் முறை. முறை மீறி வலை போட்டால் பஞ்சாயத்துதான். எங்கேயோ ஆபீஸ் வைத்திருக்கிற ஒரு கம்பெனி, யாரும் சொல்லித்தராமலே இந்த நீதியைக் கற்றுக்கொண்டதை என்னவென்று மெச்சுவது! திங்கட்கிழமை எதிர்வீட்டில் சீரியல் ஓடும், எங்கள் பெட்டியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். செவ்வாய்க்கிழமை அங்கே சிவப்பு, இங்கே பச்சை. இந்தப் பாட்டில் மட்டும் இன்றுவரை வழக்கு வந்ததில்லை.

அடக்கமும் அதிகம். 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைந்தால் அதற்குப் பிராட்பேண்ட் என்றே பெயர் கிடையாது என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. எங்கள் லைன் அந்தப் பட்டத்துக்கு ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

எல்லா நோய்க்கும் ஒரே மருந்து தேடிச் சித்தர்கள் காடு மலை அலைந்தார்கள். கஸ்டமர் கேர் பெண் அதைப் போனிலேயே கொடுத்துவிடுகிறார்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." பண்ணினேன். ஒயரை மாற்றினேன். அடாப்டரைப் பிடுங்கினால் முனையில் பச்சை பூத்திருந்தது, உப்புக்காற்றின் அன்பளிப்பு. துடைத்து மாட்டினேன். சிவப்பு விளக்கு தன் கொள்கையை விடவில்லை.

நாலாம் நாள் பொன்னேரியிலிருந்து லைன் பார்க்கிற தம்பி வந்தார். "நாளைக்கு வர்றேண்ணே" என்று மூன்று முறை சொன்ன வாக்கை அப்படியே காப்பாற்றியவர். கேபிள் நுனியில் மீட்டரை மாட்டினார். மைனஸ் 31. மைனஸ் 27-க்குக் கீழே இறங்கினால் பெட்டிக்குக் கண் தெரியாதாம். இரண்டு பேரும் கம்பத்தடிக்குப் போனோம். உள்ளே ஓடுவது தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழை. அதை மெல்ல வளைக்கலாம், மடக்கினால் வெளிச்சம் வழியிலேயே சிந்திவிடும். எங்கள் கேபிளை நைலான் கயிற்றால் முறுக்கி, படகு கட்டுகிற மாதிரி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. புயலே வந்தாலும் அவிழாது. வீட்டுக்கு வரவேண்டிய வெளிச்சமெல்லாம் இத்தனை நாளும் கம்பத்தடி நண்டுகளுக்குப் போயிருக்கிறது. அவற்றுக்கும் ஒரு பாடு வேண்டாமா?

தம்பி முடிச்சைத் தடவிப் பார்த்தார். "யாருண்ணே கட்டினது? சூப்பரா கட்டியிருக்காங்க." போன மாதம் அவரே வந்து கட்டியதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கலைஞன் தன் வேலையில் சொக்கி நிற்கும்போது குறுக்கே பேசக் கூடாது.

தொழில்நுட்பம் எங்களை எட்டவில்லை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். எங்கள் ஊருக்கு வடக்கேதான் ஸ்ரீஹரிகோட்டா. 2018 நவம்பர் 14 அன்று அங்கிருந்துதான் ஜிசாட்-29 கிளம்பியது, காஷ்மீருக்கும் வடகிழக்குக்கும் தகவல் தொடர்பு கொடுக்க. ராக்கெட் நாளில் நாங்கள் கடலுக்குப் போகக் கூடாது. வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, கரையில் நின்று வழியனுப்புவோம். பெரிய மனிதர்கள் பக்கத்து வீட்டில் கை நனைப்பதில்லை, அது அவர்கள் மரியாதை.

சந்திரயான்-3 போன அன்றைக்கு, 2023 ஜூலை 14, லைன் எங்கள் பாட்டில் இருந்தது. அக்கா மகன் மொபைலில் நேரலை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். 2:35 ஆயிற்று. வாசலில் நின்ற அம்மா, "டேய், போவுதுடா!" என்றாள். ஓடினோம். வடக்கு வானத்தில் நெருப்புப் பொட்டு, பின்னாலேயே வெள்ளைக் கோடு. கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வந்து தகரக் கூரையை அதிரவைத்து அடங்கியது. நிஜத்தைப் பார்க்கிற நேரத்தில் படத்தைக் காட்டித் தொந்தரவு செய்யாத அந்தப் பண்பு எந்த லைனுக்கு வரும்?

புகை கலைந்தபின் திண்ணைக்குத் திரும்பினோம். மொபைலில் ஒருவர் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார். பத்து, ஒன்பது, எட்டு. எட்டில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.